இலவசப் பக்கங்கள்

நகவெட்டி என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது.

ஒட்டகப் படம் போட்ட நகவெட்டி. சேலைத் தலைப்பில், அலுமாரியைப் பூட்டும் திறப்போடு சேர்த்து முடிந்திருந்தது என்று எழுதியிருந்தது.

அந்த வரியை மறுபடி வாசித்தேன். எதிரில் நல்லரத்தினம் ஐயா பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். என் கணினியில் திறந்திருந்தது அவருடைய சிறுகதைத் தொகுதிதான்.

நான் மின்னூல் விற்கிறவன். காத்தான்குடியில் சின்னதாக ஒரு கடை. எழுத்தாளர்களும் பதிப்பகத்தாரும் கோப்பைக் கொண்டுவந்து தருவார்கள். எழுத்துருவை மாற்றி, அட்டை போட்டு, இணையத்தில் ஏற்றி, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு விற்றுக் கொடுப்பேன். வாசிக்க மாட்டேன். வருகிறதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ஐயா முனைக்காட்டு விவசாயி. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில், அவருடையது வாவிக்கு அந்தப் பக்கம். வயல் காவலில் இருந்த இரவுகளில் எழுதிய கதைகளாம். யுத்தம் முடிந்த பிறகுதான் மண்முனையில் படகுப்பாதை ஏறி எங்கள் ஊருக்கு வந்துபோகிறார்.

அன்று காலையிலிருந்து அவருக்கும் எனக்கும் இழுபறி.

மின்னூலின் முதல் சில பக்கங்களை யாரும் காசில்லாமல் வாசிக்கலாம். பிடித்தால் வாங்குவார்கள். அதனால் இருப்பதிலேயே நல்ல கதையை முன்னுக்கு வைப்பதுதான் தொழில். ஐயாவோ கடைசியில் கிடந்த கதையைத் தூக்கி முதலில் போடச் சொன்னார்.

அது பத்திரிகையில் வந்ததுதானே, யாராவது நல்லது சொன்னார்களா என்று கேட்டேன். வந்தது, அதை வாசித்துவிட்டு ஒருவரும் வரவில்லை என்றார்.

ஒருவரும் திரும்பிப் பார்க்காத கதையை வாசலில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியுமா என்று ஏசாத குறையாகச் சொன்னேன். மனிதர் அசையவில்லை. புத்தகம் விற்காவிட்டாலும் பரவாயில்லையாம். அந்தக் கதை மட்டும் எந்த ஊரில் இருப்பவருக்கும் காசு கேட்காமல் திறந்திருக்க வேண்டுமாம்.

இடையில் பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். ஐயா பேச்சை நிறுத்தி, அது முடியும்வரை காது கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்தார்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. அப்படி என்னதான் கிழித்திருக்கிறார் என்று பார்க்கத்தான் வாசித்தேன்.

சுனாமிக்கு அடுத்த நாள். வாவியில் வலை பார்க்கப்போன ஒருவன், கண்டல் வேர்களுக்குள் ஒரு பெண்ணின் உடலைக் காண்கிறான். கழுத்தோடு சுற்றிக் கிடந்த முக்காட்டைப் பார்த்து முஸ்லிம் பெண் என்று அறிகிறான். வாவிக்கு ஒரு பக்கம் இயக்கம், மறுபக்கம் இராணுவம். கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. வைத்திருக்கவும் முடியாது. வீட்டில் இருந்த புதுச் சாரத்தைப் போர்த்தி, தன் வயலோரம் மருத மரத்தடியில் அடக்கம் செய்கிறான். அதற்கு முன், யாரென்று தெரியுமா என்று சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்க்கிறான். பார்த்துவிட்டு, அப்படியே திரும்ப முடிந்துவிடுகிறான்.

அந்த நகவெட்டியை டோஹாவில் வாங்கியவன் நான்.

உம்மாவுக்கு அனுப்பினேன். எங்கே வைத்தாலும் தொலைகிறது என்று அலுமாரித் திறப்போடு சேர்த்து முடிந்துகொண்டு திரிவார். ஆமினா உம்மாவின் முடிச்சுக்குள் முழு வீடும் இருக்கிறது என்று அயலார் பகிடி பண்ணுவார்கள்.

கடல் வந்த அன்றும் நான் டோஹாவில்தான் இருந்தேன். ஓடிவந்து கல்முனை வரைக்கும் கரை முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை. கடல் எடுத்த ஆளை வாவியில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மின்விசிறி சுற்றுவது தெரிந்தது, சத்தம் இல்லை. இது கற்பனைதானே என்று கேட்க வாயைத் திறந்தேன், வேறு எதுவோ வந்தது.

"இது என்ட உம்மா."

ஐயாவின் கையிலிருந்த கோப்பை சரிந்து தேநீர் மேசையில் ஓடியது. இரண்டு பேருமே துடைக்கவில்லை.

அவர் எழுந்து நின்றார். அவ்வளவு நேரம் என்னோடு மல்லுக்கட்டிய மனிதருக்கு இப்போது பேச்சு திக்கியது. எங்கள் பள்ளிவாசல் வாசல்வரை இரண்டு தரம் வந்தாராம். குளிப்பாட்டாமல், தொழாமல் அடக்கியதை எந்த முகத்தோடு சொல்வதென்று பயந்து திரும்பிப் போனாராம். கதையாக எழுதத்தான் தைரியம் வந்ததாம். மரம் நிற்கிறது, அந்த இடத்தில் உழவு படவிடவில்லை என்றார்.

பிறகு, இத்தனை வருடமாக யாரிடமாவது கேட்க வைத்திருந்ததைக் கேட்டார்.

"உங்கட ஆக்கள் எந்தப் பக்கம் பாத்து வைக்கிற எண்டு எனக்குத் தெரியா தம்பி. வாங்குச் சத்தம் வாற பக்கமாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன். அந்தப் பக்கம்தான் முகத்தத் திருப்பி வச்சன். சரியா?"

நாங்கள் மேற்குப் பார்த்து வைப்போம்.

முனைக்காட்டுக்கு வாங்கு கேட்பது கிழக்கிலிருந்து. வாவியைத் தாண்டி, எங்கள் பள்ளிவாசலிலிருந்து. அதற்கு அடுத்த ஒழுங்கையில்தான் எங்கள் வீடு.

சரியான பக்கம்தான் என்று ஐயாவிடம் சொன்னேன்.