துண்டு தொங்கிய கிட்டார்

ராக் கச்சேரி மேடையின் ஓரத்தில் அந்த மாற்று கிட்டார் பதினோரு ஆண்டுகளாகச் சுருதி பிசகாமல் நின்றது. வாசிப்பவரின் தந்தி அறுந்தால்தான் அதற்கு வாய்ப்பு.

“இன்றைக்காவது அறுந்துபோகுமா அண்ணே?” என்று பக்கத்து ஒலிபெருக்கியிடம் கேட்டது.

“வேண்டுதலைப் பார்! நல்ல பிள்ளையடா நீ.”

அன்று அறுந்தே போனது. வாசித்தவர் வழக்கம்போல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடியபடி ஒலிபெருக்கியிடம் வந்தார். மாற்று கிட்டார் மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் அதன் கழுத்தில் தொங்கிய துண்டை எடுத்து முகம் துடைத்தார். பிறகு மிச்சமிருந்த ஐந்து தந்திகளிலேயே ஒரு சுரத்தை நெடுநேரம் இழுத்தார்.

அந்த அதிர்வில் மாற்று கிட்டாரின் தந்தியும் தானாக முனகியது.

“அழுகிறாயா?” என்றது ஒலிபெருக்கி.

“இல்லை அண்ணே. கூட வாசிக்கிறேன்.”