அவர் பெயரில் அச்சானது

இன்டர்நெட் பத்திரிகை நடத்தும் ஜெபராஜ், தாம்பரம் ஆபீஸிலிருந்து சிட்லபாக்கத்துக்கு போன் செய்தார்.

"ரத்தினபாய் மேடம், எங்க பத்திரிகையில போட்ட உங்க கீர்த்தனைகள் திருட்டுன்னு புகார் வந்திருக்கு."

"எல்லாம் நானே எழுதினது சார்."

"ஐசக்னு ஒருத்தர், எண்பத்திரண்டுல அவர் பேர்ல அச்சான புஸ்தகத்தையே நேர்ல கொண்டுவந்து காட்டினார். பாட்டையெல்லாம் உடனே எடுத்துடணும்ங்கிறார்."

"பொம்பளை எழுதினதுன்னு தெரிஞ்சா எங்க சபையில பாட மாட்டாங்க. அதனாலதான் அவர் பேரைப் போட்டோம்."

"அதை அவர் ஒத்துப்பாரா மேடம்?"

ரத்தினபாய், ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஐசக்கிடம் ரிசீவரை நீட்டினார்.

"என்னங்க, உங்களுக்குத்தான் போன். பாட்டெல்லாம் யார் எழுதினதுன்னு கேக்கறாங்க."