மாப்பிள்ளை கேட்ட சீர்

“தீயணைப்பு வண்டியில தொங்கிட்டுப் போறவனுக்கா என் பொண்ணைக் குடுக்கிறது?”

பனியன் கம்பெனி குமாரசாமி காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டது மனைவியிடம். பதில் சொல்ல வேண்டியவள் மகள் யாழினி. அவளோ சமையலறையில் பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பரணியைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டாள். திரும்பச் சொல்லும் உத்தேசம் அவளுக்கு இல்லை.

பரணி தன் அம்மாவோடு சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான்.

ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடலாம் என்று குமாரசாமிக்கு ஒரு நம்பிக்கை. அருள்புரத்தில் மாடிக் கட்டடத்தில் கம்பெனி வைத்திருப்பவருக்கு இப்படி நிறைய நம்பிக்கைகள் இருக்கத்தான் செய்யும். காபி ஆறுவதற்குள் விசாரணையை ஆரம்பித்தார்.

“ஏனுங்க தம்பி, சம்பளம் என்ன வருதுங்க?”

பரணி ஒளிக்காமல் சொன்னான். குமாரசாமி மனதார இரக்கப்பட்டார். தன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதைவிட அதிகம் வாங்குவதாகவும், அவருக்கு ஏ.சி. அறையில் உட்கார்ந்து மெயில் அனுப்புவது மட்டும்தான் வேலை என்றும் சொன்னார். அந்த மெயிலில் இதுவரை தீப்பிடித்ததில்லை என்று சேர்த்துக்கொண்டு அவரே சிரித்தார்.

அடுத்து லீவு பற்றிக் கேட்டார். ஸ்டேஷனில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது, இருக்கிறவர்கள்தான் மாறி மாறிப் பார்க்க வேண்டும், தீபாவளிக்கு லீவே கிடையாது என்றான் பரணி.

“அப்ப தலைதீபாவளிக்கு?” என்று யாழினியின் அம்மா இழுத்தார்.

“சைரன் போட்டுட்டு வண்டியோட வந்தாத்தானுங்க உண்டு.”

இந்த முறை குமாரசாமி சிரிக்கவில்லை. தீப்பிடிக்காத நாளில் என்னதான் செய்வீர்கள் என்றார். கிணற்றில் விழுந்த மாடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு என்று பரணி வரிசையாகச் சொன்னான். இப்போது தீயணைப்புப் படையில் பெண்களும் சேர்ந்திருப்பதாகவும், கயிறு ஏறுவதில் அவர்களிடம் தானே தோற்றுப்போனதாகவும் கூச்சமில்லாமல் சொன்னான்.

குமாரசாமிக்கு மனசே ஆறவில்லை. பெண்களை நெருப்புக்குள் அனுப்புகிற காலமாகப் போய்விட்டதே என்று நொந்துகொண்டார். தன் கம்பெனியில் தைக்க வருகிற பெண்கள் வீட்டில் இருப்பதைவிடப் பத்திரமாக இருக்கிறார்கள் என்றார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

“எல்லாஞ் சரிங்க தம்பி. நெருப்புக்குள்ள போற வேலை. நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா? என் பொண்ணு தாலிக்கு என்னங்க உத்தரவாதம்?”

பரணி காபி டம்ளரைக் கீழே வைத்தான். அவன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

யாழினி கையைக்கூடத் துடைக்காமல் வெளியே வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“அதையெல்லாம் யோசிச்சுட்டுத்தானுங்கப்பா நான் சரின்னு சொன்னேன்.”

மகள் அழுவதைத் தாங்கமுடியாத பலவீனம் குமாரசாமிக்கு உண்டு. இருந்தாலும் வியாபாரி. தான் வேண்டாம் என்பதைவிட, மகள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைப்பது உத்தமம் என்று பட்டது. பையன் பேராசைப்பட்டுக் கேட்டால் அவளே மனசு மாறிவிடுவாள். சீர் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று தாராளமாகக் கேட்டார்.

“நகை, காரு எதும் வேண்டாமுங்க” என்றான் பரணி. “ஒன்னே ஒன்னு கேக்கோணுமுங்க. ஆனா அதைச் செய்யறதுக்கு உங்களுக்கு மனசு வருமான்னு தெரியலீங்க.”

குமாரசாமி முகத்தில் அன்று அப்போதுதான் களை வந்தது. பார்த்தாயா கண்ணு என்பதுபோல் மகளைப் பார்த்தார். காரும் வேண்டாம் என்றால் பையன் கம்பெனியில் பங்கு கேட்கப்போகிறான். அந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பானா? யாழினி முகம் வெளுத்துவிட்டது. இந்தச் சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று அவருக்கு நிம்மதியாக இருந்தது.

“கூச்சப்படாமக் கேளுங்க தம்பி” என்றார்.

“உங்க ஊட்டைப் பத்தி விசாரிக்கலாம்னு போன வாரம் கம்பெனிப் பக்கம் வந்தேனுங்க. மாடியில தைக்கறவங்க அவசரத்துக்கு இறங்கறதுக்குப் பின்னால ஒரு படி இருக்குது. அந்தக் கதவுக்கு வெளிய பூட்டுத் தொங்குதுங்க. அதை எடுத்துப்போடோணும்.”

குமாரசாமிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சின்னப் பையனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினார். பின்வாசலைத் திறந்து விட்டால் ஷிஃப்ட் முடிவதற்குள் ஆட்கள் நழுவிவிடுவார்கள், கூடவே பனியனும் நழுவிவிடும்.

“அதுக்காக நாங்க சட்டத்தை மீறறதில்லீங்க தம்பி. பனியன் வாங்கற வெளிநாட்டுக்காரங்க கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வர்ற அன்னைக்குத் தொறந்துதான் வெக்கிறோம்.”

பரணி எழுந்து கும்பிட்டான்.

“தீ ஆடிட்டு அன்னைக்குப் பாத்து வராதுங்களே. அருள்புரத்துல எங்க தீப்பிடிச்சாலும் எங்க வண்டிதான் வரோணும். உள்ள சிக்குன பொம்பளைங்களைத் தேடிட்டு அந்தப் பூட்டுன கதவு வரைக்கும் நாந்தான் போகோணும். உங்க பொண்ணு தாலிக்கு உத்தரவாதம் கேட்டீங்கல்ல? அது உங்க சாவிக்கொத்துலதானுங்க இருக்குது, மாமா.”