காற்றில் நிற்கும் சேட்டு

சகலருக்கும் அறியத் தருவது: 1997 ஆவணி மாதத்தின் இன்றைய மாலையில், போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குத் தப்பிக் கண்டாவளைக்கு வந்துசேர்ந்த ஒரேயொரு பிலிம் சுருளின் கடைசிப் படம் எடுக்கப்படவிருக்கிறது. புகைப்படக் கலைஞர் குகதாசன் முற்றத்து மணலில் ஒரு முழங்காலை ஊன்றியிருக்கிறார். எதிரே கொடியில் தொங்குவது நீலக் கோடுபோட்ட சேட்டு. அது, பக்கத்தில் நிற்கும் விமலேஸ்வரியின் காணாமற்போன கணவனுடையது. அவனுடைய படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. சேட்டைத்தான் கிழமைக்கொருமுறை தோய்த்துக் காயப்போடுகிறாள். சோழகக் காற்று அடிக்கும்போது சேட்டின் நெஞ்சு நிமிர்கிறது, கைகள் நிரம்புகின்றன, இடது தோள் அவனுடையதைப் போலவே சற்றுத் தாழ்கிறது. “இப்ப எடுங்கோ அண்ணை, அவர் நிக்கிறார்!” என்கிறாள். “பொறு பிள்ளை. சாதாரண சாமானிலதான் அழகு ஒளிச்சிருக்கு. பொத்தானில வெயில் விழவேணும்.” “பொத்தானை நான் வீட்டில வைச்சுப் பாக்கிறன். நீங்கள் ஆளை எடுங்கோ!” கலைஞர் லென்ஸைத் துடைக்கிறார், ஒரு கண்ணை மூடுகிறார், மூச்சை அடக்குகிறார். வேப்பமரத்துக்குள்ளால் மஞ்சள் வெயில் இறங்கி வந்து மூன்றாவது பொத்தானைத் தொடுகிறது. மரத்தின் இலைகள் ஒவ்வொன்றாக அசைவை நிறுத்துகின்றன. சேட்டின் தோள்கள் சரிகின்றன, கைகள் வெறுமையாகின்றன. விமலேஸ்வரி வாயைத் திறப்பதற்குள் கமரா ‘டிக்’ என்கிறது.

படத்தில் விழுந்திருப்பது காயப்போட்ட ஒரு சேட்டு.