இருபது நாள் காவல்

கஸ்பாரே கத்தியை உருவியதும் ஓவியன் தாதேயோ சுவரோடு ஒட்டிக்கொண்டான். பெர்காமோ நகரத்துப் பட்டு வியாபாரியான கஸ்பாரே அவன் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் படத்துக்குப் போய், எண்ணெய்ச் சாயம் காயாத மூலையில் இருந்த ஓவியனின் பெயரைச் சுரண்டி எடுத்தார்.

"ஐயா, அது என் பேரு!"

"என் பொண்டாட்டி படத்துல உன் பேரு எதுக்குடா? இதை வரைஞ்சது யாருன்னு இனி ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது. ஓடிப் போயிடு!"

சுருட்டை முடிக்கார ஓவியன் தூரிகைகளைக்கூட எடுக்காமல் ஓடினான்.

படத்தில் அவர் மனைவி ஒர்சோலா போட்டிருந்த முத்துமாலையும் பச்சைப் பட்டும் கஸ்பாரே வாங்கிக் கொடுத்தவை. அந்தக் கண்கள் மட்டும் அவருக்குப் புதிது. நேரே பார்க்காமல், கொஞ்சம் ஒதுங்கி, ஆசையில் உருகும் பார்வை. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

இருபது நாளும் ஓவியனின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக் காவல் இருந்தவர் அவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒயின் மயக்கத்தில் தினமும் கண்ணசந்தது உண்மைதான். அந்த நேரம் பார்த்துத்தான் கள்ளத்தனம் நடந்திருக்கிறது!

"நாளைக்கே உங்கப்பா வீட்டுக்குக் கிளம்பு," என்றார் மனைவியிடம்.

ஒர்சோலாவின் முகம் வெளுத்தது. "நான் என்னங்க பண்ணேன்?"

"கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. என்னை ஒரு தடவையாவது இப்படிப் பாத்திருக்கியா? நேத்து வந்த பொடிப்பயலைப் பாக்கற!"

அவள் படத்தைத் தூக்கிப் போய், தான் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்த ஜன்னலோர நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

"நீங்களும் உங்க இடத்துல போய் உக்காருங்க."

முணுமுணுத்துக்கொண்டே தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்தார் கஸ்பாரே. நிமிர்ந்தார். படத்திலிருந்த கண்கள், ஓவியன் நின்ற இடத்தைத் தாண்டி, நேராக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

கையிலிருந்த கத்தி நழுவித் தரையில் விழுந்தது.

"அப்ப... மத்த நேரத்துல ஏன் என்னை இப்படிப் பாக்கறதே இல்ல?"

ஒர்சோலா தலையைக் குனித்துக்கொண்டாள்.

"நீங்க முழிச்சிருந்தா பயமா இருக்குங்க."