வட்டத்தை எங்கே வெட்டுவது

“இவன் பக்கத்துல நான் நிக்க மாட்டேன்னு சொல்லிடு” என்றார் அண்ணன்காரர். சொன்னது என்னிடம். ‘இவன்’ என்பது கூடப் பிறந்த தம்பி. ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருந்தார்.

“அவரையே தள்ளி நிக்கச் சொல்லு” என்றார் தம்பிக்காரர். அதுவும் என்னிடம்தான்.

நான் படம் எடுக்க வந்தவன். தூது போக வரவில்லை. கூடத்தின் நடுவே குட்டை ஸ்டாண்டில் கேமராவைக் கூரை பார்க்க வைத்திருந்தேன். அதைச் சுற்றி மொத்தக் குடும்பமும் வட்டமாக நின்றது. எல்லாம் இவர்களுடைய அக்காவால் வந்த வினை.

அந்த அக்கா முந்தின வாரம் ஸ்டுடியோவுக்கு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். திரும்பி வருவதாக இல்லை. போவதற்குள் குடும்பம் மொத்தமும் ஒரே படத்தில் வேண்டும் என்றார்.

சின்ன வேலை. அகலமாக எடுக்கிற லென்ஸைக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினார். ஃபிஷ்ஐ லென்ஸைக் காட்டினேன். மீன் கண் மாதிரி முன்னால் புடைத்துக்கொண்டிருக்கும். அதில் இரண்டு வகை. ஒன்றில் படம் சட்டம் முழுக்க நிரம்பும், கோடுகள் மட்டும் வளையும். இன்னொன்று எதிரே இருக்கிற அத்தனையையும் ஒரு வட்டத்துக்குள் சுருட்டித் தரும். வட்டத்துக்கு வெளியே வெறும் கறுப்பு.

“முதல் வகையில மூலை இருக்குமா?”

இருக்கும் என்றேன்.

“அப்ப வேண்டாம். வட்டத்தையே எடு.”

குடும்பப் படத்துக்கு இதைவிட மோசமான லென்ஸ் கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். கிட்டே வந்தால் மூக்கு கத்தரிக்காய். தள்ளிப் போனால் ஆளே கடுகு.

“எங்க வீட்டு மூக்கெல்லாம் ஏற்கெனவே அப்படித்தான்” என்றார் அக்கா. கேமராவை அண்ணாந்து வைத்தால் சுற்றி இருப்பது முழுக்க விழுமா என்று கேட்டார். வைத்துக் காட்டினேன். நாலு சுவரும் என் தாடையும் விழுந்தன. பார்த்துவிட்டுச் சிரித்தார். எதற்கு இந்த அம்மாவுக்கு இப்படி ஒரு ஆசை என்று எனக்கு மண்டை குடைந்தது. வெளிநாடு போகிற பந்தா என்று முடிவு கட்டினேன்.

படம் எடுக்கிற நாளில் வீட்டில் முதலில் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார் அக்கா. அவர்களுக்கு அது பழக்கம் போலிருக்கிறது. அண்ணன்காரர் இந்தக் கோடியில், தம்பிக்காரர் அந்தக் கோடியில், இடையில் மனைவிகள், பிள்ளைகள். நட்ட நடுவில் அக்கா. அந்த இடத்தை மட்டும் யாருக்கும் விடவில்லை. இதுவும் பந்தாதான்.

“இப்ப வரிசை மாறாம கேமராவைச் சுத்தி வளைஞ்சு நில்லுங்க.”

வளைந்தார்கள். இரண்டு கோடியும் வந்து ஒன்றாக முட்டிக்கொண்டன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, வட்டத்துக்குக் கோடியே கிடையாது என்று. எதிர்ப்பக்கம் நின்ற அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஃபோகஸ் பார்க்கக் குனிந்தபோது கிட்டே வந்து என் காதோரம் சொன்னார்: “பேச்சுவார்த்தை நின்னு எத்தனையோ வருஷம். இவன் சேதியை அவனுக்கும் அவன் சேதியை இவனுக்கும் நான்தான் கொண்டு போறேன். நான் போயிட்டா அதுவும் இல்லை.”

யாராவது ஒருவர் இடம் மாறிக்கொள்ளுங்கள் என்றேன். நான் எதற்கு மாற வேண்டும், அந்த ஆள் மாறட்டும் என்றார் ஒருவர். அதையே சொன்னார் இன்னொருவர். கடைசியில் இருவருமே அசையவில்லை. வீம்பில் பக்கத்துப் பக்கத்திலேயே நின்றார்கள்.

எல்லோரையும் குனிந்து லென்ஸைப் பார்க்கச் சொன்னேன். அந்த லென்ஸுக்குப் பக்கவாட்டிலும் கண் என்பதால் நான் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினேன்.

மறுநாள் அண்ணன்காரர் மட்டும் தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தார். வட்டத்தைப் பிரித்து நீளப் படமாக ஆக்கலாம் என்று மகன் சொன்னானாம்.

“ஆக்கிடு. மாட்ட வசதியா இருக்கும். ஆனா எனக்கும் அவனுக்கும் நடுவுல வெட்டு. ஆளுக்கு ஒரு ஓரம் போயிடுவோம்.”

கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். தம்பியின் முழங்கையை ஒரு கை கெட்டியாகப் பிடித்திருந்தது.

“இங்க வெட்டினா உங்க விரலெல்லாம் அவர் ஓரத்துக்குப் போயிடும் சார்.”

“அது என் கை இல்லை.”

திரையில் இருந்த மோதிரம் என் மேஜை மேல் இருந்த அவர் விரலிலும் இருந்தது. அவரும் பார்த்துவிட்டார். கையை எடுத்து பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

“முட்டி சரியில்லாத அவனை எதுக்குடா குனியச் சொன்னே? விழுந்திருந்தா?” என்று என்மேல் பாய்ந்தார். பிறகு, சொன்ன இடத்தில் வெட்டினால்தான் படத்தை வாங்குவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“எங்கயாவது வெட்டித்தானே ஆகணும். என்னை ஒட்டி வெட்டு. போறவ நான்தானே.”

அப்படியே செய்தேன். அக்கா ஓரத்துக்குப் போனார். வரிசையின் நட்ட நடுவில் அண்ணனும் தம்பியும் வந்து நின்றார்கள், பிடித்த கையோடு.

அண்ணன்காரர் சொன்ன இடத்தில் நான் வெட்டவில்லை.