அறுபத்திரண்டாம் விளக்கு

அட்டகாமா பாலைவனச் செம்புச் சுரங்கத்தின் கணினியைப் பதினொரு வருஷமாக ஒருநாளும் திணறவிடாதவள் யெசேனியா. கீழே இறங்கியவர்களின் எண்ணிட்ட விளக்குகள் அனுப்பும் பதிவுகள் லாக் கோப்பில் சேரும்; முடிந்தவற்றைக் கால்மணிக்கொருமுறை நகலெடுத்து அதைக் காலிசெய்துவிடுவாள். அன்று அது காலியாகவில்லை. கோப்பு நிரம்பினால் கணினி திணறி லிஃப்ட் நின்றுவிடும்; கீழே நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள்.

முடியாத பதிவு ஒன்று வழிமறித்தது: காலையில் இறங்கிய விளக்கு 62. பத்தொன்பது வருஷத்துக்கு முன் சரிவில் புதைந்துபோன அவள் அப்பாவின் எண்.

"ஒருநாளும் திணறவிட்டதில்லன்னு பெருமை பீத்திக்கிட்டியே, இப்ப பாரு! அந்தப் பதிவ வெட்டிப் போடு, மகளே" என்றார் மேஸ்திரி எலூத்தேரியோ.

"எங்கப்பா யாரையும் கீழ விட்டுட்டு மேல வந்ததில்ல, மேஸ்திரி. முதல்ல எல்லாரையும் ஏத்துங்க."

நூற்றுப்பத்துப் பேரும் ஏறினார்கள். பிறகு லிஃப்ட் தானாக இறங்கி, காலியாக மேலே வந்தது. 62இன் பதிவு முடிந்தது, கோப்பு காலியானது.

விளக்கறையில் பத்தொன்பது வருஷமாக வெறுமையாகவே கிடந்த அப்பாவின் ஆணியில் ஒரு விளக்கு தொங்கியது. யெசேனியா தலைநிமிர்ந்து போய், சட்டைக்கையால் அதன் தூசியைத் துடைத்தாள். கண்ணாடி சுட்டது.